வாளி அண்ணை நனைத்துப் பார்த்த கூடார வண்டி

குடை வாங்கப் போன இடத்தில், அதைக் கடைக்குள்ளேயே விரித்துப் பிடித்துக் கீழே குந்தி இருந்துகொண்டு, தண்ணீர்ப் போத்தலைக் கடைக்காரரிடம் நீட்டி "ஊத்துங்கோ" என்று சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாரிஸ் லா சப்பல் வாளி அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய விசா அட்டையில் இருந்திருக்கும். வேறெங்கும் அதை யாரும் பாவித்ததாகத் தெரியவில்லை.

சண்டை முடிந்து இரண்டொரு வருடத்தில் வன்னியிலிருந்து வந்தவர். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். நான் பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். நனைத்துப் பார்க்காத எந்தப் பொருளையும் அவர் நம்பமாட்டார், வாளி என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. சப்பாத்துக் கடையில் "இதற்குள் தண்ணீர் போகாது" என்று விற்கிற பெண் சொன்னாள். உடனே சப்பாத்துக்குள் தண்ணீரை நிரப்பி மேசையில் வைத்துவிட்டார். உள்ளே ஊற்றியது வெளியே வராவிட்டால், வெளியே இருப்பது உள்ளே வராதாம். அந்தப் பெண் போய் முகாமையாளரைக் கூட்டிவந்தாள். அவர் சத்தம் போடத்தான் வந்தார், ஆனால் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசையில் கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

தண்ணீர் பட்டாலும் பழுதாகாது என்று அறை நண்பர் பெருமையடித்த தொலைபேசியைப் பச்சைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டதும் அவர்தான். அது அந்த இடத்திலேயே உயிரை விட்டது. "இப்பவே தெரிஞ்சது நல்லதுதானே" என்று ஆறுதல் வேறு சொன்னார். நண்பர் மூன்று மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் கூடார வண்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

காரணம் என் மகள் அபி. பதினொரு வயது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் பள்ளிக்கூடம் தொடங்கியதும் விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளை போனது பக்கத்திலிருக்கும் மார்க்ஸ் டோர்மோய் வரைக்கும்தான், அதுவும் பல்லுக்குக் கம்பி கட்ட. மூன்று வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த வருடம் அவளுடைய தோழியின் குடும்பம், மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாங்கள் கூடாரம் போடும் இடத்துக்கு எங்களையும் கூப்பிட்டது. தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீற்றர் கல்லும் சேறும். சாதாரண வண்டி போகாது. பெரிய சில்லு வைத்து, மேலே விரித்தால் கூடாரம், பின்னால் இழுத்தால் சமைக்கிற குசினி என்று இருக்கும் முரட்டு வண்டி வேண்டும். எங்கள் பழைய வான் வண்டியில் கொழுவி இழுத்துப் போகலாம். புதிது வாங்க வசதியில்லை, பழையதுதான். ஜூலை பிறக்க ஐந்து சனிக்கிழமை இருந்தது.

"அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு போனால் வாங்கின மாதிரித்தான்" என்றாள் என் மனைவி கலா. அவள் சொன்னது பலித்தது.

முதல் வண்டியின் கூரைத் தையலில் ஒழுக்கு. இரண்டாவதன் கூடாரம் சுத்தம், ஆனால் வாளி அண்ணை சில்லுப் பக்கத்திலிருந்து தண்ணீர் விசிறி அடித்தார். குசினிப் பெட்டிக்குள் நான் மாதிரிக்கு வைத்துப் பார்த்த அரிசிப்பை நனைந்து வந்தது. மூன்றாவது வண்டியை விற்றவர், வாளியைக் கண்டதும் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ரயரையும் கொழுவியையும் வண்டிப் பதிவுப் பத்திரமான கார்த் கிரீசையும் பார்த்தேன். அவர் தண்ணீரை மட்டும் பார்த்தார். அபி வானின் பின்சீற்றிலிருந்து, அவருக்கு நாங்கள் போவதே விருப்பமில்லை என்று பிரெஞ்சில் அழுதாள்.

நாலாவது சனிக்கு கலாவும் வந்தாள். ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முதல் எல்லாம் முடியவேண்டும் என்று ஒரே பிடி. பத்து நிமிடம்தான் மிச்சம். வண்டியை யாரும் நனைத்துப் பார்க்கவில்லை, விலைகூடப் பேசவில்லை. அதற்குள் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, இழுவைக் கம்பியில் தேங்காயை உடைத்துவிட்டாள். சில்லுக்குக் கீழ் வைத்து நசுக்க நாலு தேசிக்காய் கொண்டுவந்திருந்தாள். வண்டிக்கோ இரண்டு சில்லு. விற்கிற மீசைக்காரப் பிரெஞ்சுக்காரர் நல்ல மனிதர், முன்னால் ஊன்றுகிற குட்டிச் சில்லையும் இறக்கிக் கொடுத்தார். நாலாவது தேசிக்காயை மணந்து பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் வாளி அண்ணை ஏறி ஊற்றினார். பிள்ளை படுக்கிற மூலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு ரியூப் பசை பூசினால் சரி என்றார் மீசைக்காரர். நானும் சரி என்றேன். உடைத்த தேங்காயை ஒட்டவா முடியும்? பூசை செய்த வண்டியை வாங்காமல் போனால் கலா என்னை வருடம் முழுக்க வறுத்தெடுத்துவிடுவாள்.

வாளி அண்ணை கீழே இறங்கி வந்தார்.

"தேங்காய் உடைச்சதுக்காகப் பிள்ளையை நனையவிடப் போறியோ, தம்பி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சொட்டுத் தண்ணி அண்ணை. அதுக்கேன் இவ்வளவு சோலி?" என்றேன்.

"ஒரு சொட்டெண்டுதான் நானும் நினைச்சனான். சண்டை முடிஞ்சு இருந்த முகாமிலை, தறப்பாள் கூடாரத்துக்குள்ளை ரெண்டு பிள்ளையளையும் படுக்க வைச்சன். மழை வந்து நிலமெல்லாம் வெள்ளம். விடியுமட்டும் ரெண்டையும் தோளிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். பசை பூசி நிக்கிற தண்ணியில்லை அது."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய பிள்ளைகள் ஊரில் தாயோடு சுகமாக இருக்கிறார்கள், இங்கே கூப்பிடுவதற்கு விசாக் கடுதாசிதான் இன்னும் சரிவரவில்லை. ஆனால் அன்றுதான் எனக்கு அந்த வாளி விளங்கியது. வெட்கமாகப் போய்விட்டது. கலாவே தேங்காய்ப் பாதிகளைப் பொறுக்கி மீசைக்காரரிடம் கொடுத்தாள், வண்டியை விட்டுவிட்டு வந்தோம்.

ஐந்தாவது சனிக்கு வாளியை அபி தூக்கினாள். அதுவரை வாளி அண்ணையோடு முகம் பார்த்துக் கதைக்காத பிள்ளை, அவரைக் கூடாரத்துக்குள் இருக்கவைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பதினொரு வாளி ஊற்றினாள். விற்கிற அம்மா தன் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயையே இழுத்துவந்து கொடுத்தார். வாளி அண்ணை உள்ளே புறங்கையால் நிலத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் தலையை வெளியே நீட்டினார்.

"எடு, தம்பி."

எங்களோடு வாங்கோ என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். "முகாமிலை கூடாரத்திலை இருந்ததே எனக்குக் காணும். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மலையில் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, பேய் மழை. அபியின் தோழியின் தகப்பன் புதிதாக வாங்கிய விலையுயர்ந்த கூடாரம் வாய்க்கால் ஆகிவிட்டது. அவர்களும், அங்கே நின்ற இன்னொரு குடும்பமும் எங்களிடம் ஓடிவந்தார்கள். கலா தேத்தண்ணி போட்டாள். பிள்ளைகள் ஏழு பேர் அபி படுக்கிற மூலையில் நெருக்கி இருந்து சீட்டு விளையாடினார்கள். அபி என் தொலைபேசியை வாங்கி வாளி அண்ணைக்கு எடுத்தாள். அவள் தமிழில் ஒரு முழு வசனம் சொல்லி நான் கேட்டு எவ்வளவோ நாள்.

"மாமா, இஞ்சை சரியான மழை. ஒருத்தரும் நனையேல்லை."

அந்தப் பக்கம் கோப்பைச் சத்தம் நின்றது.

"நிலம்?" என்று கேட்டார்.

அபி குனிந்து புறங்கையால் தடவிப் பார்த்தாள். "நிலமும் காய்ஞ்சுதான் இருக்கு, மாமா."

"சரி, பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அவருடைய முதலாளி எனக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த மனுசனுக்கு என்ன சொன்னீர்கள், நேற்றுப் பின்னேரம் தொடக்கம் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பை கழுவுகிறாரே, சாப்பிட வருகிற சனமெல்லாம் குசினியை எட்டிப் பார்க்கிறது என்றார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் நான் பாரிசில் இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் கவலையாகத்தான் இருக்கிறது.