குடும்ப வரலாறு, இருநூறு பிரதிகள்

உட்கார்ந்ததும் பெரியவர் வக்கீலம்மாவிடம் நீட்டியது வழக்குக் காகிதங்களை அல்ல. தன் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தை. கெட்டி அட்டை, தங்க எழுத்து, உள்ளே ஏழு தலைமுறை. புதிதாக யாரைப் பார்த்தாலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். எதிரில் இருப்பவர்களுக்கு, யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

"சொல்லுங்க ஐயா, என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். எவனோ ஒருவன் டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டு, தான்தான் பெரியவர் என்றும் போன் தொலைந்துவிட்டது என்றும் சொல்லி, அவருடைய நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டான். அந்த நம்பருக்கு வந்த ஓடிபியை வைத்து, அவருடைய கிரிப்டோ கணக்கை இருபதே நிமிடத்தில் வழித்தெடுத்துவிட்டான். பெரியவர் அந்நேரம் சிக்னல் போன போனைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் உங்களோடதா?"

"குடும்பத்தோடது" என்றார் பெரியவர், காலரைச் சரிசெய்துகொண்டு.

உண்மையில் அது தங்கையுடையது. கணவன் இறந்த பிறகு இருந்த வீட்டை விற்று, பணத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுப் பின்னறையில் ஒரு பெட்டியோடு தங்கியிருந்தாள். ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுக்கு மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். அவள் பணத்தைக் கேட்கும்போதெல்லாம் பெரியவர், "என்கிட்ட இருக்குறது பாறைமேல இருக்குற மாதிரி" என்பார்.

"திருடனைப் பிடிக்கிறது கஷ்டம் ஐயா. ஆனா கம்பெனி மேல கேஸ் போடலாம். மூணு ரகசியக் கேள்வி கேட்டுட்டுத்தான் அவங்க நம்பரை மாத்தணும். உங்க கேள்விங்க என்ன?"

"தாத்தா பேரு. அம்மா பிறந்த ஊரு. நான் படிச்ச முதல் பள்ளிக்கூடம்."

வக்கீலம்மா கையிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் தாத்தா. மூன்றாம் பக்கத்தில் அம்மா, பிறந்த ஊருடன். ஐந்தாம் பக்கத்தில் பள்ளிக்கூடம், புகைப்படத்துடன். பின்னட்டையில் பெரியவரின் போன் நம்பர்.

"எத்தனை காப்பி அடிச்சீங்க?"

"இருநூறு."

"திருடன் காசு குடுத்து வாங்கினானா, சும்மாவே குடுத்தீங்களா?"

பெரியவர் எந்தக் காலத்திலும் காசு வாங்கியதில்லை.

"இது அவங்க கையில கிடைச்சா, 'இவரே ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்திருக்காரு'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. இனிமே யாருக்கும் குடுக்காதீங்க."

வக்கீலம்மா சொன்னது அவ்வளவுதான். எதையும் அரைகுறையாகச் செய்வது பெரியவர் வழக்கமில்லை. கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கக் கிளம்பினார். யார் கேட்டாலும், "அச்சுப் பிழை. திருத்தித் தர்றேன்" என்றார்.

"எந்தப் பக்கத்துல பிழை? எங்க பேரு இருக்குற பக்கத்துலயா?" என்று மைத்துனர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"புத்தகத்தைத் திருப்பிக் கேக்குறீங்க. நாளைக்குப் பொண்ணையும் திருப்பிக் கேப்பீங்களா?" என்றார் சம்பந்தி.

சித்தப்பா மகன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவிக் கொடுத்தான். பெரியவர் அதன்பின் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரே வாரத்தில், பெரியவர் குடும்பத்தில் ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது, பெயரை நீக்கப் போகிறார் என்று உறவு முழுக்கப் பரவிவிட்டது. யாருடைய பெயர் என்பதில்தான் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபட்டது.

வக்கீலம்மாவிடம் இருந்ததை விட்டால், கடைசிப் பிரதி தங்கையிடம் இருந்தது. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். புத்தகத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில், கணவன் பெயர் வர வேண்டிய இடத்தில், ஒரு கோடு மட்டும்தான் இருக்கும்.

"அச்சுப் பிழையா அண்ணா? அப்ப... அவர் பேரைச் சேக்கப் போறீங்களா?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். "ஆமா."

அவள் அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். எழுத்து மாறிவிடக் கூடாதென்று, கணவன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்தாள்.

அன்று மாலை கொல்லைப்புறத்தில் எல்லாப் புத்தகங்களும் எரிந்தன. சீட்டு மட்டும் பெரியவரின் சட்டைப் பையில் இருந்தது.

"எரிச்சீங்களா?" வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சாட்சியத்தை அழிச்சதா உங்க மேலயே திரும்புமே ஐயா!"

"யாருக்குத் தெரியும்?"

"உங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். இனி ஒரே வழிதான். நாமளே முந்திக்கிட்டு உண்மையைச் சொல்லிடணும். என்கிட்ட இருக்குற காப்பியை நானே குடுத்துடறேன். பணம் யாரோடதுன்னும் சொல்லணும். உங்க தங்கச்சி கையெழுத்து வேணும்."

பெரியவர் பின்னறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தங்கை பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப, புத்தகம்?" என்றாள்.

அவர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை அறையில் ஏசி ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை பெரியவருக்கு அடுத்த நாற்காலியை விட்டு அதற்கடுத்ததில் உட்கார்ந்தாள். கம்பெனி தரப்பில் ஒரு வக்கீலும், அன்று திருடனின் அழைப்பை எடுத்துப் பேசிய பெண்ணும் வந்திருந்தார்கள். வக்கீலம்மா புத்தகத்தை மேஜைமேல் வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

வழக்கை விசாரித்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "இந்த மூணு கேள்விக்கும் அவன் சரியா பதில் சொன்னானாம்மா?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "நான் கேள்வியே கேக்கல சார்."

வக்கீலம்மா மேஜைக்கு அடியில் பெரியவரின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு மாதமாகக் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. புத்தகத்தின் மேல் பழி இல்லை! தாத்தா பெயர் திருடனுக்குத் துணைபோகவில்லை! பெரியவர் தங்கையின் பக்கம் திரும்பினார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தொட்டது.

"கேட்காம எப்படி மாத்தினீங்க?" என்றார் அதிகாரி.

பெண் ஒரு காகிதத்தைப் பிரித்து அவர் முன் வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் இதே கேள்விங்களைக் கேட்டப்போ, 'என் குடும்பத்தையே யாருன்னு கேக்குறாங்க'ன்னு ஐயா புகார் குடுத்து, எங்க மேனேஜரை இதை எழுத வெச்சாரு சார்: 'இந்த நம்பர் பெரிய குடும்பத்தோடது, எப்பப் பேசினாலும் எதுவும் கேக்கக் கூடாது' — கீழ இருக்குறது ஐயாவோட கையெழுத்துதான்."