மூன்று மணிக்குப் பேசும் வீடு

எங்கள் காரைக்குடியில் வேலைக்கு மட்டம் போடாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. செத்துப்போன பிறகும் மட்டம் போடாதவர் சாவியக்கா ஒருவர்தான். வேண்டுமானால் அம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. செக்காலையில் எங்கள் வீட்டை ஒட்டி எட்டுப் பங்காளிகளுக்குச் சொந்தமான பெரிய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. முகப்பு, வளவு என்கிற திறந்த நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அப்புறம் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. முப்பது சாவியும் அக்காவின் இடுப்பில்தான். அவர் வருவது தெரிந்தால் தெருநாய்கள் எழுந்து நின்றுவிடும்.

வீட்டைப் பூட்டுவதும் அவர்தான், திறப்பதும் அவர்தான். ஆனாலும் உள்ளே போகும்முன் கதவை மூன்று தரம் தட்டுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உள்ள யாருக்கா இருக்கா, தட்டுறீக?"

"யாரா இருந்தா என்னத்தா? மருவாதின்னு ஒண்ணு இல்லையா?"

அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதில்லை.

ஒரு வருஷம் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். குடும்பத்தில் மறைந்த பெரியவர்களுக்குப் புடவை, பலகாரம் வைத்துக் கும்பிடுவதுதான் படைப்பு. அது முடிந்ததும் பெரிய பங்காளி சாவியக்காவைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை தவறாம வீடு எப்படி இருக்குன்னு குரூப்ல எழுதிப் போடணும். அடுத்த படைப்புக்குள்ள எழுதப் படிச்சுக்கங்க. முடியலைன்னா சாவிக்கொத்தை வச்சுட்டுப் போங்க. கேமரா மாட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒரு எழுத்துத் தெரியாது. முப்பது சாவியையும் விரலால் தடவியே இன்ன அறை என்று சொல்லிவிடுவார். அந்தக் கொத்து போனால் இடுப்பு மட்டுமல்ல, ஆளே காலி.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த வீடு பேச ஆரம்பித்தது.

சரியாக மதியம் மூன்று மணி. வெயில் கொளுத்துகிறது, தெருவில் ஈ காக்கை இல்லை. கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல். தேன் மாதிரி, சுத்தமான தமிழில், "மீண்டும் சொல்லுங்கள்" என்கிறது. பிறகு இன்னொரு குரல், சின்னப் பிள்ளை மாதிரி, "ஆ... டு" என்கிறது. வளவின் எதிரொலியில் நாலைந்து பேர் சேர்ந்து சொல்வதுபோல் கேட்கிறது.

நான் திருநீற்றைக் குழந்தைகள் நெற்றியில் பூசினேன், என் நெற்றியில் பூசினேன், மிச்சத்தை ஜன்னலுக்குப் பூசினேன். மறுநாளும் அதே மூன்று மணி, அதே குரல். சாவியக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அந்த வீட்டுக்குள்ள யாரோ பேசுறாக!"

"பேசட்டும்த்தா. நல்ல பொம்பளைதான். கோவமே வராது."

இதற்கு மேல் ஒருத்திக்குக் காய்ச்சல் வர வேறென்ன வேண்டும்?

தெரு முழுக்க முடிவு கட்டிவிட்டோம். புடவை வைத்துக் கும்பிடும் அந்தக் குடும்பத்துப் பெரிய ஆத்தாதான் வந்து பேசுகிறார்கள் என்று. அடுத்த படைப்புக்கு வந்த பங்காளிகளிடம் நானே சொன்னேன். அந்த வருஷம் பட்டுப்புடவையே வைத்தார்கள். இலை போட்டு, பலகாரம் பரப்பி, தீபம் காட்டும்போது மணி மூன்று.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "தவறு. இன்னொரு முறை முயற்சி செய்யுங்கள்."

எட்டுப் பேரும் அப்படியே குப்புற விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி நானும் விழுந்தேன்.

"ஆத்தா, எதுல குறை வச்சோம்?" என்று பெரிய பங்காளி அழுதார்.

"இன்னொரு முறை முயற்சி செய்யுங்கள்."

பணியாரத்தை மறுபடி சுட்டார்கள். இலையை மாற்றினார்கள். மறுபடி தீபம் காட்டினார்கள்.

"மிகச் சரி! வாழ்த்துகள்!"

பெரிய பங்காளி கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்போதுதான் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு கையில் போனோடு சாவியக்கா வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. மூணு மணிப் பாடம். ஒருநாளும் விட்டதில்லை. ஆள் சத்தம் கேட்டதும் வாயைத் தொறக்கக் கூச்சமாப் போச்சு, அது பாட்டுக்குத் தப்பு தப்புன்னுருச்சு. கடைசியா மெதுவாச் சொன்னதுக்குத்தான் சரின்னுச்சு."

நாச்சியாபுரத்தில் இருக்கும் அவர் அக்கா மகள் போனில் எழுத்துச் சொல்லித்தரும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். உள்ளறையில் டவர் கிடைக்காது. அதனால் வானம் தெரியும் வளவில் நின்று பாடத்தை இறக்கிக்கொண்டு, உள்ளே போய்ச் சார்ஜரில் செருகி உட்கார்ந்து படித்திருக்கிறார். "பள்ளிக்கூடம் போனா பிள்ளைக சிரிக்கும். இது ஒருதரம்கூட 'இந்த வயசுலயா'ன்னு கேக்கலையே" என்றார்.

"சரி, எழுத வந்துருச்சா?" என்றார் பெரிய பங்காளி, நெற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே.

அக்கா வளவுக்கு நடுவில் போய் நின்று ஒரு விரலால் குத்தினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று எட்டு போனும் ஒன்றாகக் கத்தின.

"விளக்கு ஏத்திட்டேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம்."

பெரிய பங்காளி இரண்டு தரம் படித்தார். "எல்லாரும்னா யாரு? வீடுதான் பூட்டிக் கிடக்கே?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? கூட இருக்கிறது நான்தானே?"

கேமராப் பேச்சை அதோடு யாரும் எடுக்கவில்லை.

பயம் தெளிந்தபின் நானும் மூன்று மணிக்கு அவரோடு போய் உட்காருவேன். பத்திரிகையையே வாசிக்கிற அளவு தேறிய பிறகும் அக்கா பாடத்தை நிறுத்தவில்லை. அதிலும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க்கா தப்பாச் சொல்றீக?"

"சரியாச் சொன்னா பொசுக்குன்னு முடிச்சுப்புடுது. தப்பாச் சொன்னா இன்னும் கொஞ்சம் பேசுது."

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர், மதியம் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. போனை யாரும் தேடவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அந்த வீடு பேசியது. "வாருங்கள், பாடம் காத்திருக்கிறது." காரணம் தெரிந்த நானே மறுபடி திருநீற்றைத் தேடினேன். வாரம் முழுக்க அது கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போயே ஆகவேண்டும். அம்மனை நினைத்துக்கொண்டு போனேன். பூட்டைத் திறந்தபின், கதவை மூன்று தரம் தட்டினேன்.

உள்ளறையில் போன் சார்ஜரிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்தேன். டவர் கிடைத்ததுதான் தாமதம், கைக்குள் போன் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நிமிஷம் என் போனில் பெரிய பங்காளி.

"மீனா, சாவியக்கா தவறிட்டாகன்னுதானே சொன்ன?"

"ஆமாண்ணே."

"இப்ப அவுககிட்டருந்து செய்தி வந்திருக்கு!"

அந்தக் கடைசி வெள்ளியன்று உள்ளறையில் தட்டி அனுப்பியது, டவர் இல்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. பார்த்தேன். "விளக்கு ஏத்திட்டேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம். நானும்."

அந்த 'நானும்' அவர் அதுவரை எழுதியதே இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு, செய்தியும் என் பொறுப்பு. எட்டாவதோடு நிறுத்தியவள் நான். ஆனாலும் அந்தப் பாடமெல்லாம் எனக்குச் சுலபம்தான். மூன்று மணிக்கு அக்காவின் இடத்தில் உட்கார்ந்து, முதல் இரண்டு கேள்விக்கும் தப்பாகவே சொல்கிறேன்.