துரை அளந்த ஓட்டை

தோணிரேவு,
செவ்வாய்க்கிழமை.

மச்சான் தனசேகருக்கு தருமலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா லோகநாயகியும் சுகம். மியூசியத்தில் நீயும் உன் பீரோ சாவிகளும் சுகமென்று நம்புகிறேன்.

நலம் விசாரித்தாயிற்று, இனி கோபம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை நம் ஏரிக்கரையில் கல்லாய்ப் போன கிளிஞ்சல் இரண்டு பொறுக்கினாராம். ஒன்றில் ஓட்டை, ஒன்றில் இல்லை. உடனே இரண்டும் வேறு வேறு இனம் என்று புத்தகம் எழுதி, ஓட்டை உள்ளதற்கு மேலதிகாரி பெயரும் இல்லாததற்குத் தன் சம்சாரம் பெயரும் வைத்துவிட்டார். ஓட்டையை அளந்து, உள்ளே இருந்த உயிர் அது வழியாக மூச்சு விட்டது என்று வேறு எழுதினாராம். வலைக்குப் பாரம் கட்ட நம் பாட்டன் ஆணியால் போட்ட ஓட்டை மச்சான் அது! கரையில் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்க, துரை வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

துரை செத்துப்போனார், விடு. இரண்டும் ஒரே இனம்தான், ஓட்டை ஆணி போட்டது என்று உன் மருமகள் நந்தினி தன் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டில் ஒரே வரியில் எழுதினாள். பேராசிரியர் சுப்பராயலு முப்பது வருஷமாக அந்த இரண்டு இனத்தையும் பாடம் நடத்துகிறவர். வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்து இல்லையென்றால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. "நைனா, அந்த வரிய எடுத்தாதான் கையெழுத்துன்றாரு" என்று அழுகிறாள்.

இன்று காலை அவரே வந்தார். நந்தினி ஜெராக்ஸ் எடுக்கப் பொன்னேரி போயிருந்தாள். ஆதாரம் எங்கே என்றார். நான் அவள் மேஜைமேல் இருந்த ஓட்டையில்லாத கிளிஞ்சலை எடுத்து, ஆணி வைத்து ரெண்டே தட்டு. "வேணாங்க, வேணாங்க" என்று கும்பிட்டார். தோற்றவன் கும்பிடத்தானே செய்வான், நான் நிறுத்தவில்லை. வலையில் கோத்தும் காட்டினேன். டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார். இனியும் கையெழுத்துப் போடாவிட்டால் காலேஜ் வாசலில் வலையை விரித்து உட்காருவேன்.

பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அம்மன் உன் உத்தியோகத்தைக் காப்பாற்றட்டும்.

பி.கு.: நந்தினி வந்துவிட்டாள். மேஜைமேல் இருந்தது துரை பொறுக்கிய அதே கிளிஞ்சலாம். நீ கையெழுத்துப் போட்டு மியூசியத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததாம். அந்த இனத்துக்கு உலகத்திலேயே சான்று அது ஒன்றுதானாம். சுப்பராயலு சார் தங்கமான மனுஷர், போன் செய்தார்: அந்த வரியை எடுத்துவிட்டால், ஓட்டை உன் காலத்துக்கு முன்பே விழுந்த பழைய சேதம் என்று அவரும் சொல்லிவிடுவாராம். எடுத்துவிடம்மா, மாமா வேலை போய்விடும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறேன். "இப்பத்தான் நைனா ஆதாரமே கெடச்சிருக்கு" என்று சொல்லி, தட்டிய ஆள் பேர், ஊர், தேதி எல்லாம் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.