மறப்பதற்கென்றே வாங்கிய மூக்குக்கண்ணாடி

அன்பு மகன் எஃப்ரெனுக்கு,

பத்தாங்காஸிலிருந்து உன் அப்பா கிறிசாந்தோ எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் சேவலும் சௌக்கியம். என் மானத்துக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. நீயும் மருமகளும் பேத்தி ஜோவியும் அங்கே செபுவில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இதுவரை உனக்கு வந்த கடிதங்களெல்லாம் உன் அம்மா எழுதியவை, அடியில் இருந்த கிறுக்கல் மட்டும் என்னுடையது. போனில் என் குரல் கேட்டதுமே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தப் பாடு.

பெரிய வியாழனன்று நடந்ததை ஊரே உனக்குச் சொல்லிவிடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நம் தெரு பபாசாவில் எல்லாரும் முறை போட்டு உட்கார்ந்து ஆண்டவரின் பாடுகளை விடாமல் பாடிப் படிக்கும்போது, நான் இருபத்தேழு வருடமாக அடுப்படியில் இஞ்சித் தண்ணீர் காய்ச்சினேன். முறை பிரித்துக் கொடுக்கும் பெர்பெத்துவா அக்கா என் பக்கம் திரும்பினால் போதும், கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கிறிசாந்தோ எவ்வளவு பணிவானவன், முன்னால் வரவே மாட்டான் என்று தெருவே மெச்சியது. உன் அம்மாவும் அதை நம்பினாள். படிக்கிறவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டதால், இந்த வருடம் மதியம் மூன்று மணி முறைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, பெருமையாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்று மணிக்கு எந்த இடம் வரும் என்று பழைய ஆட்களிடம் கேட்டுக்கொண்டேன். யூதாஸ் வந்து ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கும் இடமாம். அந்தப் பகுதியைப் போனில் பதிந்து வைத்து, ஒரு மாதம் டிரைசிக்கிள் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். மீன் சந்தைக்குப் போக வேண்டியவர்களை மாதா கோயிலில் இறக்கிவிட்டேன். அன்றைக்கு மைக் முன்னால் உட்கார்ந்தேன், புத்தகத்தை விரித்தேன், பக்தியில் உருகுகிறவன் மாதிரி கண்ணை மூடினேன், பாடினேன். நல்ல குரல் என்று உனக்குத் தெரியும். ஆனால் வெயில் தாங்காமல் முன்னால் படித்தவர்கள் ஓட்டமாக ஓட்டியிருந்தார்கள் என்பதை எனக்கு யாருமே சொல்லவில்லை.

"ஏய்யா கிறிசாந்தோ," என்று பெர்பெத்துவா அக்கா முழங்கையால் இடித்தாள். "அவரை இப்பத்தான் கல்லறையில வெச்சு மூடினோம். நீ எதுக்கு மறுபடி யூதாசைக் கூட்டிட்டு வர்றே?"

அத்தனையும் மைக்கில் போனது. வண்டி நிறுத்தத்திலிருந்து, என்னைப் போல டிரைசிக்கிளில் சவாரி ஏற்றும் தோமெங் கத்தினான்: "கேஸை மேல்முறையீட்டுக்குக் கொண்டு போறான்யா!"

நான் வழக்கம் போல, "அடடா, கண்ணாடியை மறந்துட்டேனே," என்றேன். மகனே, என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு கண்ணாடி வேண்டுமே என்றுதான் அதை வாங்கினேன். வங்கியில் மறந்திருக்கிறேன், ஓட்டுச் சாவடியில் மறந்திருக்கிறேன், உன் ஞானஸ்நானத்தில்கூட மறந்தேன். உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மறப்பீங்கன்னு தெரியும். நானே எடுத்துட்டு வந்தேன்," என்று என் மூக்கில் மாட்டிவிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு படித்தேன். படித்தேன் என்று எப்படிச் சொல்வது, மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு விழுந்தேன், எழுந்து மறுபடி விழுந்தேன். இரண்டு அடிக்கு மேல் போக முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அங்கே என் தங்கை மகள் அர்செனியா வந்தாள். மணிலாவில் பள்ளி ஆசிரியை, லீவுக்கு வந்திருந்தாள். கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"மாமா, வண்டி ஓட்டுறப்ப இடது வலது குழம்புமா?"

"அதுக்குத்தான் இடது கைப்பிடியில சிவப்புத் துணி கட்டியிருக்கேன்."

"போன் நம்பர் மாத்திப் போடுவீங்களா?"

"சவப்பெட்டிக் கடைக்காரன் எனக்கு நல்ல பழக்கம். மாசத்துக்கு ரெண்டு தடவை பேசுவோம்."

"எழுத வேண்டிய காகிதம் வந்தா வயித்தைக் கலக்குமா?"

"உன் அத்தை எல்லாத்தையும் உளறிட்டாளா?"

"அத்தைக்கு ஒண்ணுமே தெரியலை மாமா. இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேரு. நீங்க சோம்பேறியும் இல்லை, மக்கும் இல்லை. உங்க மூளை எழுத்தைப் பார்க்கிற விதம் வேற, அவ்வளவுதான். பெரியவங்க நிறையப் பேர் இப்படித்தான் மறைச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டுறாங்க. இது குடும்பத்துலயும் வரும்."

குடும்பத்திலும் வரும் என்று அவள் சொன்னதும் எனக்கு உட்காரத் தோன்றியது. உலை மூடிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். சுட்டது. பரவாயில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

எஃப்ரென், உனக்கு அப்போது ஒன்பது வயது. விருந்தாளிகள் முன்னால் உன்னைப் படிக்கச் சொன்னேன். நீ திக்கினாய். பச்சைப்பயறைப் பரப்பி அதன்மேல் உன்னை முழங்கால் போட வைத்தேன். சோம்பேறி என்றேன், மாடு என்றேன், செருப்பை எடுத்தேன். பதினைந்து வயதில் நீ பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, படிக்க வக்கில்லாதவன் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று எழுதத்தான் இந்த ஆறு நாளும் பார்த்தேன். அது பொய். எனக்குத் தெரியும். நீ வரியைத் தொலைப்பதைப் பார்த்தபோதெல்லாம் நான்தான் தொலைக்கிறேன் என்று தெரிந்தது. உன்னைப் பார்த்து யாராவது என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அடித்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு அப்பன் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஜோவி ஜூனில் பள்ளிக்கூடம் போகிறாளாம். அவள் திக்கினால் திட்டாதே, அர்செனியாவுக்குப் போன் போடு. அவள் நம்பரை நான் எழுதவில்லை, உன் அம்மாவிடம் வாங்கிக்கொள். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். இந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுசாகப் படித்தால் போதும்.

மாதாவின் முக்காடு உங்கள் மூன்று பேருக்கும் நிழலாக இருக்கட்டும். மருமகளுக்கு என் அன்பு, பேத்திக்கு நூறு முத்தம்.

தலை குனிந்து,
உன் அப்பா
கிறிசாந்தோ

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது உன் அம்மா வாங்கிப் படித்தாள். அழுதாள். பிறகு, "இதை அவனுக்கு யாருங்க படிச்சுக் காட்டுவா? வேலை பார்க்கிற பட்டறையில யார்கிட்டயாவது கொடுப்பான், வாங்கினவன் எல்லார் முன்னாலயும் சத்தமா வாசிப்பான்," என்றாள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை, பார்த்தாயா. அதனால் இந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. சனிக்கிழமைக் கப்பலில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே படிக்கிறேன். உன் அம்மாவைப் போனில் சொல்லச் சொல்கிறேன்: நான் படிக்கிற வேகத்துக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாள் லீவு கேட்டு வை.