பெரிய கூடை கடைசியில்தான்

அன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் ‘ஏலம்’, ஓசூரில் வேலை செய்யும் என் மகள் சுகந்திக்கு வீடியோவில் ஊர்ச் செய்தி அனுப்பிவிட்டு, முக்கியமானதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனார். பழவேற்காட்டுக் கரையில் இதுவரை பிறந்தவர்களிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாத மனிதர் அவர்தான் என்று நான் எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். வேடிக்கை என்னவென்றால், எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துச் செய்தி அத்தனையும் அவர் வாய் வழியாகத்தான் வெளியூருக்குப் போகிறது.

ஏலம் என்பது அவர் பெயரல்ல, தொழில். படகுகள் கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது அவர் மனைவியே ஒரு கணம், யார் இந்த ஆள் என்பதுபோல் பார்த்தார்.

அவர் ஏலம் விடுகிற முறை ஒன்று உண்டு. பொடி மீன் கூடை முதலில் வரும். பிறகு கொஞ்சம் பெரியது, அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரியது. வஞ்சிரம் இருக்கிற கூடை மட்டும் ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும். வியாபாரிகள் மூன்று முறை கேட்கிற வரைக்கும் சாக்கைத் தூக்க மாட்டார். கரையில் அது சாமர்த்தியம். வீட்டுக்குள் அது வியாதி.

முதல் குழந்தை பிறந்ததைச் சொல்ல அவர் பொன்னேரியிலிருந்து மாமியாரிடம் ஓடி வந்தார். பஸ்ஸில் கூட்டம் என்றார். ஆஸ்பத்திரியில் காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது என்றார். டாக்டரம்மா நல்ல மாதிரி, அவருக்கும் ஊர் நம்ம பக்கம்தான் என்றார். டாக்டரம்மாவின் அண்ணன் வரைக்கும் போனபோது மாமியார் துடைப்பத்தை எடுத்தார். இரண்டு அடி விழுந்த பிறகுதான் “ஆம்பளப் புள்ள” என்று சாக்கைத் தூக்கினார்.

ஒரு மழைக்காலத்தில் காற்று எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் ஒரு தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. கரையில் இருந்த என் கணவரிடம் சொல்ல ஏலம்தான் போனார். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, வழியில் யார் வீட்டுக் கோழி எங்கே போய் ஒதுங்கியது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து முடிப்பதற்குள், வீட்டில் மீதித் தகடுகளும் போய்விட்டன.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கைப்பேசி கிடைத்தால் என்ன ஆகும்? எங்கள் குப்பத்தில் வெளியூர் போனவர்கள் நிறைய. மஸ்கட்டில் படகு ஓட்டுகிறவர்கள், திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள், கைப்பேசிகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கும் என் மகள் என்று எல்லோருக்கும் தினமும் ஊர்ச் செய்தி அனுப்புவதை அவராகவே தலைமேல் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் வரவில்லையென்றால் மஸ்கட்டிலிருந்து போன் வரும், ஏலத்துக்கு உடம்பு சரியில்லையா என்று. என் மகள் என்னிடம் பேசும்போது, “சீக்கிரம் சொல்லும்மா, ஷிப்டுக்கு டைம் ஆச்சு” என்பாள். அவருடைய பதினெட்டு நிமிட ஆட்டுக்குட்டிச் செய்தியை மட்டும் முழுதாகக் கேட்பாள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்றார்கள். ஏலத்தின் மனைவி, எனக்கு அண்ணி முறை, நின்றார். அண்ணி ஜெயித்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. அந்த ஒரு மாதமும் ஏலம் தூங்கவில்லை. வீடு வீடாகப் போய் முதலில் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவார், பிறகு தெருவிளக்கு, பிறகு மீன் காயவைக்கும் தளம். மனைவியின் சின்னத்தைச் சொல்ல வருவதற்குள் வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருப்பார். பின்னாலேயே அண்ணி வந்து சின்னத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போவதை நாங்கள் தொழில் என்போம். வானம் தெளிவாக இருக்கிற நாளில் குப்பம் மொத்தமும் தொழிலுக்குப் போகாமல் படகைக் கரையேற்றி வைத்தால் ஒரே அர்த்தம்தான்: ஊரில் சாவு. அடக்கம் முடிகிற வரைக்கும் யாரும் வலையைத் தொட மாட்டார்கள். தேர்தலுக்கு என்று படகை நிறுத்தியதே இல்லை. விடியற்காலையில் போய்விட்டு வந்து ஓட்டுப் போடுவார்கள். ஆனால் சென்ற முறை காற்று மாறி, பாதி ஆம்பளைகள் வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் கரை சேர்ந்தார்கள். அதனால் இந்த முறை கிராமத்தார் கூடி, ஓட்டுப் போடுகிற அன்று தொழில் கிடையாது என்று முடிவு செய்தார்கள். முந்தின நாள் இரவு எடுத்த முடிவு அது. ஓசூருக்கு எப்படித் தெரியும்?

நான் பி.காம். படித்திருக்கிறேன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்து வேலை. அதனால் அண்ணிக்கு வாக்குச்சாவடி ஏஜென்டாக என்னை உட்காரவைத்தார்கள். உள்ளே கைப்பேசி கூடாது. வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். வரிசையில் நின்ற ஊரே அப்படித்தான் வைத்துவிட்டு வந்திருந்தது.

ஏலம் அனுப்பிய அந்த வீடியோவைப் பிற்பாடு நானே பார்த்தேன். பார்த்தபோது, நான் செத்துப்போனதாகத்தான் எனக்கும் தோன்றியது. முதலில் கரை. அத்தனை படகும் மேட்டில் ஏறி நிற்கிறது. வலை விரிக்கவில்லை, ஏலக் கூடை ஒன்றுகூட இல்லை. அடுத்து எங்கள் வீடு. வாக்குச்சாவடி எல்லைக் கோடு எங்கள் வாசலுக்கு முன்னால் முடிவதால், கட்சிக்காரர்கள் அங்கேதான் சாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள். பெண்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஏலத்தின் முகம். சட்டை போட்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை. அந்த மனிதர் சாவு வீட்டைத் தவிர வேறு எங்கும் சட்டை போட்டு என் மகள் பார்த்ததில்லை.

இத்தனையும் போதாதென்று அவர் ஆடு குட்டி போட்டதிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கூடையாக வைத்துக்கொண்டே வந்து, இப்படி முடித்திருந்தார்: “சுகந்தி, உங்கம்மா விசயம் ஒன்னு கீது. அதான் இருக்கறதுலயே பெரிசு. அதுக்கு அப்பால வரேன்.”

அப்பால வரவில்லை. கிழவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. சுகந்தி எனக்கு அடித்திருக்கிறாள், அவள் நைனாவுக்கு அடித்திருக்கிறாள், பெரியம்மாவுக்கு, எதிர்வீட்டுக்கு, தெருவில் தெரிந்த எல்லோருக்கும் அடித்திருக்கிறாள். காலி வீடுகளில் போன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. ஒருவர்கூட எடுக்கவில்லை என்பதே அவளுக்குக் கடைசிச் சாட்சி.

மூன்றே முக்கால் மணி இருக்கும். வாக்குச்சாவடி ஜன்னலுக்கு வெளியே என் கணவர் வந்து நின்றார். என்னையே பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

“உசுரோட கீறியாமே?” என்றார்.

“இல்லாம எங்க பூடுவேன்?” என்றேன்.

வெளியே வந்ததும், வீட்டிலிருந்து எடுத்துவந்த தன் போனை நீட்டினார். மகளிடமிருந்து செய்தி. ‘நைனா, நான் பஸ் ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுத்துடாதீங்க.’

என்னை எடுத்துவிடக் கூடாது என்று என் பெண் எழுதியதை நானே நின்றபடி படித்தேன். திரும்ப அடித்தால் அவள் போன் அணைந்திருந்தது. அவள் தங்கியிருக்கும் விடுதிக்கு அடித்தோம். எடுத்த அம்மாள், அந்தப் பொண்ணு பதினோரு மணிக்கே அழுதுகிட்டே கிளம்பிட்டாங்க, அவங்க அம்மா தவறிட்டாங்களாம், பாவம் என்று சொல்லிவிட்டு, “நீங்க அவங்களுக்கு யாரு?” என்றார்.

“அம்மா.”

அந்த அம்மாள் மெதுவாக, “எந்த அம்மா?” என்றார்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண். அம்மா செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு தனியாக வருகிறாள். சென்னையில் இறங்கி பஸ் மாற வேண்டும். அழுகிற கண்ணுக்கு எதிரே வருகிற லாரி தெரியுமா? பசி மயக்கத்தில் எங்காவது விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்?

ஏலத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் கணவர் அவர் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். விஷயம் புரிந்ததும் ஏலத்தின் முகம் சாம்பலாகிவிட்டது.

“நான் கெட்டதா ஒன்னும் சொல்ல வரலபா,” என்றார். “தங்கச்சி ஆபீசருங்களுக்குச் சமமா நாற்காலி போட்டு உள்ள குந்தினு கீது. நம்ம குப்பத்துல எந்தப் பொம்பள இப்டி குந்திச்சு? அது பெரிய சேதி இல்லியா? அதான் கடைசில வெச்சேன்.”

என் கணவர் கையை எடுத்தார். எனக்கு ஏலத்தை அடிக்கவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. எம்மா நேரமானாலும் புள்ள பொன்னேரி வந்துதானே ஆவணும் என்று முனகியபடி ஏலம் வண்டியை உதைத்துக் கிளம்பினார். மணி நான்கு. ஐந்துக்கு வாக்குப்பதிவு முடியும்.

நாங்கள் சாமியானாவில் உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லோரும் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் சுகந்தி வந்திருந்தாலும் சந்தேகமே பட்டிருக்க மாட்டாள்.

ஆறரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஏலத்தின் குரல்.

“தங்கச்சி, பூக்கார அம்மா போன்ல இருந்து பேசறேன். பஸ்ஸ்டாண்டுல ஜனம் ஜாஸ்தி. ஒவ்வொரு பஸ்ஸா நின்னு பேரச் சொல்லிக் கூவினேன். போலீஸ்காரரு வந்து இன்னாயா விக்கிறன்னு கேட்டாரு...”

“புள்ள கெடச்சாளாண்ணா?”

“அதுக்குத்தாம்மா வரேன். இங்க ஒரு ரோசா மாலை கீது. நல்ல மாலை, சென்னைல வாங்கினது...”

என் கணவர் போனைப் பிடுங்கி, நான் எழுதக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏலம், ரொம்ப நிதானமாக, “இதோ பக்கத்துல இட்லி துன்னுகினு கீறாபா,” என்றார்.

நான் அழுதேன். சாமியானா மொத்தமும் அழுதது. சாவு வீட்டில்கூட அவ்வளவு அழுகை கேட்டிருக்க மாட்டோம்.

அவர்கள் வருவதற்குள் ஏலத்தை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்தேன். இருபது வருட ஆத்திரம் அதில் இருந்தது. நன்றாக இருட்டிய பிறகு வண்டி வந்து நின்றது. அந்த ரோசா மாலை வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. சுகந்தி இறங்கி ஓடி வந்து என் கன்னம் இரண்டையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தோள்பட்டையில் ஒரு அடி வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். ஏலம் வண்டியை விட்டு இறங்காமல், தண்டனையை எதிர்பார்க்கிறவர்போல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

என் மகள் காதோரம் சொன்னாள்:

“திட்டாதம்மா. வண்டில வரப்ப பாத்தேன். மாமா விரல்ல மையே இல்ல.”