பேரம் பேசாத பிள்ளையார்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நான் ‘திருட்டுப் பயலே’ என்று விளித்துக் கடிதம் எழுதியிருக்கிறேன். இல்லை என்று சொல்லித் தப்ப வழியில்லை. என் கையெழுத்து. எங்கள் பட்டறைப் பெயர் அச்சடித்த தாள். அந்தத் தாள் இன்றைக்கும் அவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். (எப்போது வராது என்று என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தைக் கேட்டால், தூங்கும்போது என்பார். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பார்.) கோபம் வந்தால் எனக்கு மூளை நிற்காது. அதுதான் பிரச்சினை. அப்போதுதான் அது இரண்டு மடங்கு வேலை செய்யும்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். வந்த வேகத்தில் மாமனாரோடு ஆறு மாதம் சண்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வாங்க வைத்தேன். கல்தூசு படாமல் இருக்க அதற்கு அவருடைய பழைய வேட்டியையே போர்த்தினேன். சிலைகளைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டேன். கார்டில் பணம் கட்டும் வசதியும் செய்தேன். ஊரிலேயே நான்தான் முதல் என்று நினைத்துக்கொண்டேன். (இல்லை, இரண்டு கடை தள்ளி ஒருவர் எனக்கு முன்பே செய்திருந்தார். அவர் கத்தவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.)

முதல் பெரிய ஆர்டரே நான்கு புத்தர் தலை. ஏதோ வெளிநாட்டு விலாசம். பணம் வந்தது, தலைகள் போயின. ஒரு மாதம் கழித்து, கார்டுக்குச் சொந்தக்காரர் தான் எதையும் வாங்கவே இல்லை என்று புகார் கொடுத்திருப்பதாகச் சொல்லி, வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. யாரோ கார்டு எண்ணைத் திருடியிருக்கிறான். தலையும் போச்சு, பணமும் போச்சு.

மாமனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். “இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா இந்தப் பொட்டிய கொண்டும்போய் கடல்ல போட்ருவேன்மா” என்று அமைதியாகச் சொன்னார். கடல் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அவர் சொன்னால் செய்கிறவர்.

அன்றைக்கே ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் திருடனின் லட்சணங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெரிய தொகைக்கு வாங்குவான். அவசரப்படுவான். பணம் கட்டுவது ஓர் ஊரிலிருந்து, பொருள் போவது வேறொரு ஊருக்கு. போன் எடுக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு: பேரம் பேச மாட்டான்.

இந்தக் கடைசி விதியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஊரில் பேரம் பேசாமல் யாரும் கல் வாங்குவதில்லை. நேற்றுக் காலை விமானத்தில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன்கூட இன்று சாயங்காலம் பாதி விலைக்குக் கேட்பான். நாங்களும் அதற்கென்றே இரண்டு மடங்கு சொல்வோம். இன்டர்நெட்டிலும் நான் அப்படித்தான் போட்டிருந்தேன். இருபதாயிரத்துப் பிள்ளையாருக்கு நாற்பதாயிரம். பார்க்கிறவன் மெயில் போட்டுக் கேட்பான், குறைக்கலாம் என்று கணக்கு.

அந்த நாற்பதாயிரத்துப் பிள்ளையாரை ஒருவர் அப்படியே வாங்கிவிட்டார். பணம் கட்டியவர் அமெரிக்காவில். சிலை போக வேண்டியது நாவலூரில் ஒரு புது அபார்ட்மென்டுக்கு. வியாழக்கிழமைக்குள் வந்தே ஆக வேண்டுமாம். கொடுத்திருந்த செல்போன் எண்ணுக்கு இரண்டு நாள் அடித்தேன், அணைத்தே இருந்தது. மெயில் போட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது: ‘சிலையைச் சேர்த்துவிடுங்கள், விலையை மட்டும் அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.’

அட்டையில் எழுதியது அத்தனையும் பொருந்தியது. கடைசி வரி உபரி.

ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பியிருக்கலாம். புத்தி உள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அந்த நான்கு புத்தர் தலைகளுக்கும் சேர்த்துப் பழி வாங்க வேண்டியிருந்தது.

பட்டறை வாசலில் விரிசல் விட்ட ஒரு கருங்கல் கிடந்தது. வேலைக்காரர்கள் டீ கிளாஸ் வைக்கும் கல். எடை ஏறக்குறைய அந்தப் பிள்ளையாரின் எடைதான். அதை மரப்பெட்டியில் வைத்து, வைக்கோல் அடைத்து, ஆணி அடிக்கச் சொன்னேன். திருடன் பெட்டியை எடுக்க வருவான், மறுநாள் காலையில் நான் போய்ப் பிடிப்பேன். தப்பினாலும் அவனுக்குக் கிடைப்பது டீக்கல். ஆணி அடிப்பதற்கு முன் உள்ளே அந்தத் ‘திருட்டுப் பயலே’ கடிதத்தையும் வைத்தேன்.

ஏகாம்பரம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“ஒருவேள நல்லவனா இருந்தா இன்னா பண்ணுவ?”

“நல்லவனா இருந்தா பேரம் பேசியிருப்பான்.”

அவர் ஆணியை அடித்தார். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, என்னோடு எதிர்வாதத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மினி லாரியில் கோவளம் தாண்டி, கேளம்பாக்கம் வழியாக நாவலூர் போனோம். தரைத்தளத்து வீடு. உள்ளே தச்சர் ஒருவர் மட்டும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி இல்லை, பாத்திரம் இல்லை. வீட்டுக்காரர் யாரென்று தச்சருக்குத் தெரியாது. அவரே கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஆளில்லாத வீடு. கையெழுத்துப் போட எவனோ ஒருவன். இதைவிட என்ன வேண்டும்? புது அபார்ட்மென்டில் ஒரு வீடு ஏன் காலியாக இருக்கும், வியாழக்கிழமைக்குள் ஏன் சாமி சிலை கேட்பார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றேன்.

வாசலில் வாழை மரம். மாவிலைத் தோரணம். நாற்பது ஜோடிச் செருப்பு. பால் பொங்கிய வாசனை. கிரகப்பிரவேசம் முடியும் நேரம். கூடத்தின் நடுவில் எங்கள் டீக்கல் பட்டு உடுத்தி, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, அருகம்புல் மாலையோடு உட்கார்ந்திருந்தது. ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

விடியற்காலை பெட்டியைத் திறந்தபோது எல்லாரும் திகைத்து நின்றார்களாம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஐயர்தான், “மஞ்சளையே பிள்ளையாரா வெச்சுப் பூஜை பண்றோம், கல்லுக்கு என்ன குறைச்சல், தூக்கி வையுங்கோ” என்றாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் தட்டு என் எதிரே வந்துவிட்டது. ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் ஏகாம்பரம் நேற்றுவரை தான் டீ கிளாஸ் வைத்த கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெரியவர் வந்தார். திருக்கழுக்குன்றத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த வீடு. மகன் வாங்கிக் கொடுத்த செல்போனும்கூட. சார்ஜ் வீணாகக் கூடாதென்று இத்தனை நாளும் அதை அணைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அவர் சட்டைப் பையில் எங்கள் பட்டறைத் தாள் தெரிந்தது.

“மாமல்லபுரமா?” என்றார். “நாளைக்குக் காலையில வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்னு எழுதியிருந்தீங்க. சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க. சாப்பிட்டீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். எதிர்த்துப் பேசாமல் நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை என்று ஏகாம்பரம் சொல்வார்.

அப்போது பார்த்து, அன்றைக்கென்று பீரோவிலிருந்து வெளியே எடுத்திருந்த அந்தச் செல்போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து மகன். சிலை வந்ததா என்று கேட்கிறான். பெரியவர் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். மகன் புகார் செய்வான், வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும், மாமனார் கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். வேட்டி போர்த்தியபடி அது அலையில் மிதப்பதுவரை எனக்குத் தெரிந்தது.

“வந்துடுச்சுப்பா” என்றார் பெரியவர், என்னைப் பார்த்துக்கொண்டே. “நல்ல கனம். கண்ணு, மூக்கா? பொறுமையாப் பார்த்தா எல்லாம் தெரியுது.”

நான் அழுதேன். கோபத்தில் இல்லை. எனக்கே பழக்கமில்லாத அழுகை, மூக்கெல்லாம் ஒழுகியது. அவருடைய மனைவி என் கையில் ஒரு தட்டுக் கேசரி வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் உண்மையான பிள்ளையாரைக் கொண்டுவந்து இறக்கினோம். எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். பழக்க தோஷத்தில் பில்லை எடுத்து அவரிடமே நீட்டிவிட்டேன். விலையை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் மகன் கேட்டிருந்தான்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பில்லைப் படித்தார். பிள்ளையாரைப் பார்த்தார். மறுபடி பில்லைப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

“இந்த லெட்டர் விலாசம் மாறி வந்துடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம்மா” என்றார்.

ஏகாம்பரம் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். (கட்டின புருஷன்.) பாதிப் பணத்தை அன்றைக்கே மகன் கணக்குக்குத் திருப்பினேன். இன்டர்நெட்டில் எல்லாச் சிலைக்கும் ஒரே விலை போட்டேன். மாமனாரிடம் விஷயத்தை மறைக்கலாம் என்றிருந்தேன். லாரியிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஏகாம்பரம் சொல்லிவிட்டார். மாமனார் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சுவரில் இருந்த அட்டையை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டார்.

டீக்கல்லைத் திருப்பித் தரவில்லை. பூஜை ஆன கல்லை அனுப்பக் கூடாதென்று ஐயர் சொல்லிவிட்டார். அது அபார்ட்மென்ட் வாசலில் வேப்பமரத்தடிக்குப் போயிற்று. இப்போது அதற்கு டைல்ஸ் போட்ட மேடை, கிரில் கேட், உண்டியல் எல்லாம் உண்டு. இன்டர்வியூவுக்குப் போகும் ஐ.டி. பிள்ளைகள் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் பட்டறையில் இத்தனை வருடத்தில் உளி படாமல் பேர் வாங்கிய சிலை அது ஒன்றுதான்.

ஒவ்வொரு சதுர்த்திக்கும் முதல் நாள் அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு டப்பா கொழுக்கட்டை வரும். மூடியின் மேல் தலைமையாசிரியரின் மணி மணியான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என் மகள்தான் அதைத் தெருவுக்கே கேட்கும்படி படிப்பாள்:

“அடியே திருட்டுப் பெண்ணே, நாளைக் காலையில் வா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.”