போக மறுத்த கரண்ட்

மூன்று நாளாகக் கரண்ட் போகவேயில்லை. நவநீதகிருஷ்ணன் ஓடுகிற ஃபானை முறைத்துப் பார்த்தார்.

"இஞ்சாரும், இண்டைக்காவது போகுமே?" என்று குசினிக்குள் போய் மனைவி அபிராமியிடம் இரகசியமாகக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? நானே கரண்டை முடிஞ்சு வைச்சிருக்கிறன்?"

சித்திரை வெயில் வெள்ளவத்தையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. காகங்கள்கூடப் பறக்கப் பஞ்சிப்பட்டு நிழலில் குந்தியிருந்தன. இந்தப் புழுக்கத்தில் கரண்ட் போகவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்த மனுசன் உலகத்தில் வேறு யாராவது உண்டோ என்றால், சத்தியமாகக் கிடையாது. ஆனால் அவருடைய கஷ்டம் அவருக்கல்லவா தெரியும்!

கஷ்டம் ஹோலில் இருந்தது. ஃபானுக்கு நேர் கீழே காலை நீட்டிக்கொண்டு, கனடாவிலிருந்து வந்த தில்லையம்பலமும் அவருடைய மனைவி பரிமளகாந்தியும் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் உள்ள இந்த வீடு அவர்களுடையது. மகள் நிஷாந்தினி கைக்குழந்தையாக இருந்தபோது நவநீதகிருஷ்ணன் குடும்பம் இதில் வாடகைக்கு வந்தது. வாடகையை ஏற்றுவது என்ற பேச்சையே எடுக்காத தங்கமான மனுசர் தில்லையம்பலம். போன மாதம்தான் அந்தத் தங்கம் போன் எடுத்து ஒரு குண்டைப் போட்டது.

"தம்பி, எங்களுக்கும் வயசு போகுது. ரெண்டு கிழமை வந்து நிண்டு பாக்கப்போறம். ஒத்துவந்தா, எங்கட வீட்டிலயே வந்து இருந்திடலாமெண்டு ஒரு யோசனை."

அன்று முழுக்க அபிராமி அழுதாள். அக்கம்பக்கத்தில் இப்போது கேட்கிற வாடகைக்கு நவநீதகிருஷ்ணனின் சம்பளம் காணாது. தூரத்தில் உள்ள வத்தளைப் பக்கம்தான் போகவேண்டும். நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, விடியமுன் எழும்பி பஸ்ஸில் தொங்கவேண்டும். அதுவும் இந்த வருஷம் சோதனை எடுக்கிற பிள்ளை.

"அழாதையும்," என்று நவநீதகிருஷ்ணன் அன்றைக்குப் பெரிய வீரனாகச் சொன்னார். "குளிருக்குள்ள இருந்த சனம் எங்கட வெயிலைத் தாங்குமே? போதாததுக்கு எங்கட லேன் கரண்ட் இருக்கு. அது பாத்துக்கொள்ளும். ரெண்டே நாளில பெட்டியைக் கட்டுவினம், இருந்து பாரும்."

அந்த லேன் கரண்டின் குணம் அப்படி. வெயில் உச்சிக்கு வந்ததும் போய்விடும். எல்லாரும் ஏசியைப் போட்டால் டிரான்ஸ்ஃபோமர் தாங்காது என்றார்கள். அதற்காக அலுக்காமல் சலிக்காமல் முறைப்பாடு செய்துகொண்டிருந்தவரும் சாட்சாத் நவநீதகிருஷ்ணன்தான். கரண்ட் போன கையோடு போனை எடுத்துச் சிங்களத்தில் ஒரு பாட்டம் திட்டுவார். லேனில் அவருக்கு அதனாலேயே ஒரு மரியாதை இருந்தது.

விருந்தாளிகள் வந்து இறங்கிய அன்று காலை லொறி ஒன்று வந்தது. டிரான்ஸ்ஃபோமருக்குப் புதுச்சாமான் பூட்டினார்கள். ஏணியிலிருந்து இறங்கிய லைன்மேன் நவநீதகிருஷ்ணனைத் தேடிப்பிடித்து, "தென் ஹரி மஹத்தயா!" என்று கையைக் குலுக்கினான். இப்போது எல்லாம் சரியாம், இனிமேல் கரண்ட் போகவே போகாதாம். அவர் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்து கட்டிலில் விழுந்தார்.

நாலாம் நாள் அவர் கீழே இறங்கிப் போய் வாசலில் காவலிருக்கும் வாச்சர் ஒஸ்வால்டைப் பிடித்தார். மாடிப்படிக்குக் கீழே பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் எல்லா வீட்டு மீட்டரும் மெயின் சுவிச்சும் இருந்தன. அந்தக் கதவின் திறப்பு ஒஸ்வால்டின் இடுப்பில். ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைக்காரன். நல்லவன்தான், ஆனால் வெறுங்கையோடு கேட்டால் காது கொஞ்சம் மந்தம். அதனால் சுடச்சுட மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்கட வீட்டுச் சுவிச்சை மட்டும் ஒரு மணித்தியாலம் நிப்பாட்டிவிடு. அவை சூடு தாங்காமல் கனடாவுக்கே திரும்பிப் போகவேணும். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, என்ன?"

"ரோல்ஸைக் கையில வாங்கிட்டு வாயத் தொறப்பனா சேர்?" என்றான் ஒஸ்வால்ட். அவன் தலையில் சிவப்பு இலை போட்ட புதுத் தொப்பி ஒன்று இருந்ததை நவநீதகிருஷ்ணன் கண்டார்தான். விருந்தாளிகள் கனடாவிலிருந்து ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்து கொடுக்கிறது வழக்கம்தானே.

மத்தியானம் கரண்ட் போனது. ஃபான் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. நவநீதகிருஷ்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"பாத்தியளே அண்ணை, தொடங்கிட்டுது! இஞ்ச உப்பிடித்தான்."

தில்லையம்பலம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு பரிமளகாந்தி எழும்பிப் போய் பல்கனிக் கதவை அகலத் திறந்தாள். கடல்காற்று சொல்லிவைத்தாற்போல உள்ளே வந்தது.

"ஆகா! இந்தக் காத்து ஒண்டு போதுமே!"

"ஓமப்பா. உமக்குப் பிடிக்குமெண்டு எனக்குத் தெரியும்," என்றார் தில்லையம்பலம்.

நவநீதகிருஷ்ணன் பல்லைக் கடித்தார். அடுத்த நாள் கரண்ட் போனவுடனே ஓடிப்போய் யன்னல் கதவு எல்லாவற்றையும் சாத்தினார்.

"டெங்கு அக்கா, டெங்கு! இந்தப் பக்கம் பொல்லாத நுளம்பு. திறக்கவே படாது."

வீடு பாண் சுடுகிற போறணையாகிவிட்டது. போதாததற்கு, கொதிக்கக் கொதிக்க மீன்குழம்பும் மிளகு ரசமும் வைக்கச் சொல்லி அபிராமியை உருட்டினார். அடுப்படியில் நின்ற அபிராமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இன்னொரு குழம்பு கொதித்திருக்கும்.

தில்லையம்பலம் சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரசத்தை உறிஞ்சினார். நெஞ்சில் வேர்வை ஆறாக ஓடியது. "அங்க காசு குடுத்தெல்லோ ஸ்டீம் பாத் எடுக்கிறவங்கள்!" என்று சொல்லிவிட்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வேர்த்தா உடம்புக்கு நல்லது," என்றாள் பரிமளகாந்தி. அவளுடைய பொட்டு கரைந்து மூக்குநுனிக்கு வந்திருந்தது. "தங்கச்சி, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம்."

இந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு மேல்வீட்டு ஆதிபா வந்தாள். நல்ல மனம் படைத்த மனுசி. கையில் ஒரு ஜக் நிறைய ஐஸ் போட்ட ஃபலூடா.

"ஒங்கட ஊட்டுல மட்டும் கரண்ட் இல்லயாமே! வாங்க ஆன்ட்டி, எங்கட ரூம்ல ஏசி ஓடிட்டுத்தான் இரிக்கி."

நவநீதகிருஷ்ணனுக்குப் புரையேறியது. "அது... அவைக்குக் கரண்ட் வாறது வேற பேஸில அண்ணை. இந்தக் கட்டிடத்து வயரிங் ஒரு கோதாரி வயரிங்."

தில்லையம்பலம் கனடாவில் பழைய இஞ்சினியர். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஓமோம், பேஸ்தான், பேஸ்தான்," என்று அவசரமாகத் தலையாட்டினார்.

பரிமளகாந்தி மேலே போனவள் பொழுதுபடத்தான் வந்தாள். முகம் தெளிந்து, ஆதிபாவோடு உறவு கொண்டாடி, நாளைக்குக் காலையில் இரண்டு பேருமாகக் கடற்கரை ரோட்டில் நடக்கப் போவதாகவும் பேசி முடித்திருந்தாள். துரத்த நினைத்த மனுசிக்கு இப்போது சினேகிதியும் கிடைத்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழமையிலிருந்து கரண்ட் தன்பாட்டுக்குப் போகத் தொடங்கியது. அவர் சொன்னது மத்தியானம் மட்டும்தான். அது காலையிலும் போனது. பொழுதுபட்டும் மணிக்கணக்காகப் போனது. டிரான்ஸ்ஃபோமர் திரும்பவும் படுத்துவிட்டது என்று நினைத்து முதல்நாள் நவநீதகிருஷ்ணன் சந்தோஷப்பட்டார். இரண்டாம் நாள் ஃபிரிட்ஜுக்குள் இருந்த இறால் மணக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் அந்த மணம் மாடிப்படியால் இறங்கிப் போனது. நிஷாந்தினி மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துப் படித்து, முன்தலைமயிரைக் கருக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, நான் பெயிலானா உங்களாலதான்."

"நானென்ன செய்தனான்?" என்று அவர் திடுக்கிட்டார்.

"நீங்கதானே எப்பவும் கொம்ப்ளெய்ன் பண்ணுவீங்க? இப்ப ஏன் போனே எடுக்கிறீங்க இல்லை?"

அவர் மேசையில் கிடந்த போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அபிராமிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் ஈரத்துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து உறுமினாள். "அவையைத் துரத்துறதுக்கிடையில நான் போய்ச் சேர்ந்திடுவன் போலகிடக்கு. இறாலை ஆர் திண்டது? குப்பைக்காரன் திண்டான்!"

நவநீதகிருஷ்ணனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ராத்திரியில் நனைத்த சாரத்தைப் போர்த்திக்கொண்டு நிலத்தில் உருண்டார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் போய், சார்ஜ் பண்ணுகிற சின்ன ஃபான் ஒன்று வாங்கிவந்தார். மகளுக்கென்றுதான் வாங்கினார். ஆனால் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க அதை மகளின் மேசைக்கு எப்படிக் கொண்டுபோவது? மரியாதைக்காக ஹோலில் வைத்தார்.

"ஐயோ, எங்களுக்கு வேண்டாம் தம்பி!" என்று தில்லையம்பலம் ஃபானை மனைவியின் பக்கமிருந்து திருப்பினார். "பரிமளம் பழகட்டும்."

"இவருக்கும் வேண்டாம்," என்று பரிமளகாந்தி அதை இன்னும் தள்ளினாள். "இருக்கப்போற இடத்தில பழகத்தானே வேணும்? பிள்ளைக்குக் குடுங்கோ."

இருக்கப்போற இடம்! நவநீதகிருஷ்ணனுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று பின்னேரம் பல்கனியில் தில்லையம்பலம் அவரைத் தனியாகப் பிடித்தார். குரல் ஏனோ சுரத்தில்லாமல் இருந்தது. "பரிமளத்துக்கு இஞ்ச நல்லாப் பிடிச்சுப்போட்டுது தம்பி. வாய்திறந்து ஒரு குறை சொல்லுறாளில்லை." குசினியில் பரிமளகாந்தியும் அபிராமியிடம் பெருமூச்சோடு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவரைப் பாரும் தங்கச்சி, வெயிலுக்குள்ள சின்னப்பிள்ளை மாதிரித் திரியிறார். நான் எப்படிக் குறுக்கால நிக்கிறது?"

விருந்தாளிகள் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, தேத்தண்ணி குடிக்கிற நேரம், அது நடந்தது. தில்லையம்பலம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திட்டம். ஆவணியில வந்திடுவம். உங்களுக்கு இடம் பாக்க நேரம் வேணுமெல்லோ, அதுதான் இப்பவே சொல்லுறன்."

"உங்கட சந்தோஷம்தானே என்ர சந்தோஷம்," என்றாள் பரிமளகாந்தி, புருஷனின் முகத்தைப் பார்க்காமல்.

அபிராமி தேத்தண்ணித் தட்டத்தை மேசையில் டொக்கென்று வைத்தாள். நிஷாந்தினி புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போனாள். அறைக்குள்ளிருந்து அவள் விசும்பும் சத்தம் கேட்டது. நவநீதகிருஷ்ணனுக்கு அந்தச் சத்தத்தைத் தாங்கமுடியவில்லை. செருப்பையும் போடாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினார்.

ஒஸ்வால்ட் தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு, கதிரையில் சாய்ந்திருந்து, உருகிப்போன சொக்லேட் ஒன்றைத் தாளோடு நக்கிக்கொண்டிருந்தான். நல்ல வெளிநாட்டுச் சொக்லேட்.

"நாசமாப் போவானே! உன்னை நம்பினன் பார், என்னைச் சொல்லவேணும்!" நவநீதகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. "வீடு போச்சுது! ஆவணியில வருகினமாம்! நீ சுவிச்சை ஒழுங்கா நிப்பாட்டியிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமே?"

ஒஸ்வால்டுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலைக் குறைசொன்னால் யாருக்குத்தான் வராது?

"இதுக்கு மேல எப்படி சேர் நிப்பாட்டுறது? ஒரு நாளைக்கு மூணு தரம் நிப்பாட்டுறேன். ஒரு நாள்கூடத் தவறல."

"மூண்டு தரமோ? நான் ஒருக்காத்தானே சொன்னனான்! மத்தியானம் மட்டும்தானே சொன்னனான்!"

ஒஸ்வால்ட் சொக்லேட் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். தொப்பியைக் கழற்றி, அதில் இருந்த சிவப்பு இலையைத் துடைத்தான். மேலே மாடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான்.

"மத்தியானம் ஒங்களுக்கு சேர். காலையில தொப்பி குடுத்த அங்கிளுக்கு, பொழுதுபட்டா சொக்லேட் குடுத்த ஆன்ட்டிக்கு. சூடு தாங்காம மத்தவங்க கனடாவுக்கே திரும்பிப் போகணும், ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு மூணு பேருமே ஒரே மாதிரித்தானே சொன்னீங்க!"